பதினாலாம் நம்பர் தட்டு

மாசி மாதத்து வெயிலை நம்பலாம் என்பது எழிலரசி டீச்சரின் கணக்கு. விடியற்காலையில் பனி இறங்கினாலும் ஒன்பது மணிக்குள் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அதற்குப் பிறகு காய்கிற காய்ச்சலில், தட்டில் ஊற்றிய ஒரு தம்ளர் தண்ணீர் மறுநாள் சாயங்காலத்துக்குள் வற்றிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வானத்தை நம்ப முடியாது. சித்திரையில் பிள்ளைகளை மொட்டை மாடியில் ஏற்றினால் உள்ளங்கால் பொத்துப்போகும். அதனால்தான் 2010-ஆம் வருஷம் மாசி பிறந்ததும் முதல் வேலையாக ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேரையும் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். அவரவர் வீட்டில் குடிக்கிற தண்ணீர். கிணறோ, கைப்பம்போ, குழாயோ, எதுவானாலும் சரி.

செங்கழனிப்பேட்டை சிதம்பரத்திலிருந்து கிள்ளைக்குப் போகிற சாலையில் இருக்கிறது. சாலைக்கு மேற்கே மேலத்தெரு, கிழக்கே கீழத்தெரு. கீழத்தெருவைத் தாண்டினால் வடிகால், அதைத் தாண்டினால் ஒரு காலத்தில் வயலாக இருந்த நிலம், அப்புறம் உப்பனாறு. நடுநிலைப் பள்ளி சாலை ஓரத்திலேயே இருந்தது. எழிலரசி அங்கே அறிவியல் டீச்சர். பசுமைப் படைக்கும் அவள்தான் பொறுப்பு.

பொறுப்பு என்று பெயருக்குக் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை அவள். அரசாங்கம் அனுப்பிய புத்தகக் கட்டு பீரோவில் பூட்டிக் கிடந்ததை எடுத்து, வகுப்பில் கயிறு கட்டி, துணிக்கு மாட்டுகிற கிளிப்பில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டாள். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடு வாசிப்பு. கை கழுவுகிற தண்ணீர் வாழைக்குப் போக வாய்க்கால் வெட்டினார்கள். சத்துணவில் மிஞ்சுகிற காய்த்தோலைக் குழியில் போட்டு எருவாக்கினார்கள். பிள்ளைகள் கடைக்குப் போனால் மஞ்சள் பையோடுதான் போகும். மளிகைக் கடைப் பொன்னுரங்கம் அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பாட்டம் புலம்புவார். "ஏன் டீச்சர், புளி வாங்க வந்த புள்ள கவர் வேணாம், காயிதத்துல மடிச்சிக் குடுன்னு எனக்கே கிளாஸ் எடுக்குது. நாளைக்கு எண்ணெயையும் காயிதத்துல மடிச்சிக் குடுக்கவா?" என்பார். அவள் சிரித்துக்கொண்டே போவாள். உள்ளுக்குள் பெருமையாக இருக்கும்.

அந்த வாசிப்புப் பீரியடில்தான் இதெல்லாம் ஆரம்பித்தது. தமிழ்ச்செல்வி நன்றாக வாசிப்பாள். மற்றப் பிள்ளைகள் ராகம் போட்டு இழுப்பார்கள். இவள் எதிரே இருப்பவரிடம் பேசுவது போல வாசிப்பாள். தண்ணீரைப் பற்றிய ஒல்லியான புத்தகம் ஒன்று. அதன் கடைசிப் பக்கத்தில் கேள்விகள் இருந்தன. உன் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பத்து வருஷத்துக்கு முன்னால் எங்கிருந்து வந்தது? இப்போது ருசி மாறியிருக்கிறதா? தமிழ்ச்செல்வி கேள்வியை வாசித்துவிட்டு நிமிர்ந்து தானே பதிலும் சொன்னாள்.

"எங்க வூட்டுக் கெணறுதான் டீச்சர் ஊருக்கே நல்ல தண்ணி. இப்பதான் கொஞ்சம் கரிக்குது."

"கொஞ்சம்னா எவ்ளோ? அளந்தே பாத்துடலாமா?" என்று கேட்டாள் எழிலரசி.

பிள்ளைகள் எல்லாம் ஓ என்று கத்தின.

அளக்க மிஷின் எதுவும் இல்லை. பழைய சத்துணவுத் தட்டுகள் ஒரு சாக்கு நிறைய இருந்தன. ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும், ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் சிவப்பு நெயில் பாலிஷால் நம்பர் எழுதினாள். எல்லாத் தட்டிலும் ஒரே தம்ளரால் ஒரே அளவு தண்ணீர். சமையல்கூடத்து மாடியில் வரிசையாக வைத்து, காக்கை வாய் வைக்காமல் கொசுவலையைப் போர்த்திக் கல் வைத்தார்கள். தண்ணீர் போன பிறகு தட்டில் என்ன நிற்கிறதோ அதுதான் விடை.

புதன்கிழமை சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு எழிலரசியும் சத்துணவு ஆயா லோகநாயகியும் மாடிக்குப் போய் வலையை எடுத்தார்கள். முக்கால்வாசித் தட்டில் கண்ணாடியில் மூச்சு விட்டது போல மங்கலாக ஒரு வட்டம், அவ்வளவுதான். கீழத்தெருத் தட்டுகள் மூன்றில் வெள்ளை நன்றாகவே படிந்திருந்தது. லோகநாயகி அடுத்த தட்டை எடுத்து விரலால் சுரண்டினாள்.

"இது என்னா டீச்சர், கோலமாவு கொட்டுனாப்ல இருக்குது. யாரு வூடு இது, பதினாலு?"

"தமிழ்ச்செல்வி வூடு."

"உத்திராபதி வூடா?" என்றாள் லோகநாயகி. பிறகு தட்டை வைத்துவிட்டு வலையை மடிக்க ஆரம்பித்தாள். மடித்ததும் முதல் ஆளாகப் படியில் இறங்கினாள். எப்போதும் பேச்சு ஓயாத பொம்பளை.

அந்த மாடியிலிருந்து பார்த்தால் கிழக்கே எல்லாம் தெரியும். கீழத்தெருக் கூரைகள், வடிகால், அதற்கு அந்தப் பக்கம் நான்கு குளங்கள். குளத்துக்குக் காற்று கலக்கிற ஏரேட்டர் சுற்றித் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அது எழிலரசியின் புருஷன் பாலகுமாரின் இறால் பண்ணை. அவனும் அவன் மச்சான் கோவிந்தசாமியும் சேர்ந்து நடத்தினார்கள். உப்பனாற்றிலிருந்து மோட்டார் வைத்து உவர்த் தண்ணீரை இறைத்துக் குளத்தில் கட்டுவார்கள். அறுவடைக்கு மதகைத் திறந்தால் நான்கு குளத்துத் தண்ணீரும் வடிகால் வழியாகக் கீழத்தெரு ஓரமாக நாள் கணக்கில் போகும்.

அவளுக்கு இது தெரியாது என்று சொன்னால் பொய். யோசித்துப் பார்த்ததில்லை என்பதுதான் சரி. மேலத்தெரு வீட்டில் குழாய்த் தண்ணீர். கீழத்தெருக் கிணற்றுத் தண்ணீரை அவள் குடித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. டீச்சர் முன்னால் அந்தப் பேச்சை ஊரில் யாரும் எடுப்பதும் இல்லை.

பாலகுமார் பொழுது சாய்கிற நேரத்தில் சாப்பிட வந்தான். அவன் பொழுதெல்லாம் கரையில்தான். நாளைக்கு நான்கு தடவை தீனி போட வேண்டும். போட்ட தீனியைத் தின்றிருக்கிறதா என்று வலைத்தட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஏரேட்டர் நின்றுவிட்டால் ஓட வேண்டும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவன் கையில் சேற்று வாசனை போகாது. அன்றைக்குச் சுடுசோறும் வாளைக் கருவாட்டுக் குழம்பும். குழம்பில் கத்திரிக்காய் நன்றாகக் குழைந்திருந்தது. அவன் இரண்டு கவளம் போட்ட பிறகு அவள் கேட்டாள்.

"மாமா, மதகத் தெறந்தா தண்ணி எந்தப் பக்கம் போவுது?"

"பள்ளத்துப் பக்கம் போவுது. டீச்சரக் கேட்டுக்கிட்டுப் போவணும்னு அதுக்குத் தோணல" என்றான் அவன், சிரித்துக்கொண்டே.

அவள் தட்டு விஷயத்தைச் சொன்னாள். நான்கு கீழத்தெருத் தட்டுகள், வடிகால் ஓரமாக வரிசையாக நான்கு வீடுகள். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் ஊர் மேப்பில் பொட்டு ஒட்டப் போகிறார்கள், அடுத்த புதன்கிழமை அந்த மேப் கடலூரில் நடக்கிற பள்ளிக் கண்காட்சிக்குப் போகிறது என்றாள். அவன் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினான். கீழத்தெருக்காரர்கள் பண்ணையை எதிர்த்து இரண்டு மாசமாக மனு எழுதிக்கொண்டிருப்பதும், எழுதினால் எவன் படிக்கப் போகிறான் என்று கோவிந்தசாமி சொல்லிக்கொண்டு திரிவதும் இருவருக்கும் தெரியும்.

"பள்ளிக்கூடத்து சீல் வச்ச மேப்பு ஒண்ணு அவுங்க கையில கெடச்சா..." என்று ஆரம்பித்து அவன் முடிக்கவில்லை. குழம்பை இழுத்து ஊற்றிக்கொண்டு, "ரெண்டு தடவ வெள்ளப்புள்ளி நோவு வந்து எறா மொத்தமா செத்து மெதந்துதே, நீயும் கரையில நின்னுதான பாத்த. இந்தத் தடவதான் சாமி கண்ணத் தெறந்துருக்குது. அறுவடைக்கு இன்னும் இருவது நாளு. நான் எதுவும் சொல்லல எழிலு. நீ படிச்சவ. நீயே பாத்துக்க" என்றான்.

செய்யாதே என்று அவன் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். அல்லது பிற்காலத்தில், அவர் சொல்லித்தான் செய்தேன் என்றாவது சொல்லிக்கொண்டிருக்கலாம். அந்த வழியையும் அவன் அடைத்துவிட்டு, கை கழுவி, டார்ச்சை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை வராந்தாவில் பெரிய சார்ட்டை விரித்தார்கள். ஊரைத் தெருத் தெருவாக நடந்து பிள்ளைகளே வரைந்த மேப். பொட்டு வைக்க ஸ்டிக்கர் பொட்டு அட்டை வாங்கியிருந்தாள். தட்டில் மங்கல் வட்டம் மட்டும் என்றால் நீலம், லேசாக வெள்ளை தெரிந்தால் மஞ்சள், வெள்ளையாகப் படிந்திருந்தால் சிவப்பு. ஒவ்வொருவராகத் தட்டைக் காட்டி, தன் வீட்டின் மேல் பொட்டு ஒட்டிவிட்டுப் போனார்கள். பொட்டு ஒட்டுகிற குஷியில் ஒருத்தி நெற்றியிலும் ஒன்று ஒட்டிக்கொண்டாள். மேலத்தெரு முழுக்க நீலம். கீழத்தெருவில் மூன்று சிவப்பு விழுந்தது. தமிழ்ச்செல்வி பதினாலாம் நம்பர் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். அதிகமாக இருந்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவள் வீட்டின் மேல் நாலாவது சிவப்பு ஏறியது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்துச் சிவப்புகளின் மேல் விரலை ஓட்டினாள். "டீச்சர், எல்லாம் வடிகால் ஓரமாவே வருது. இப்படியே போனா..." விரல் கிழக்கே நகர்ந்து, சார்ட்டில் ஒன்றும் வரையாத இடத்தில் போய் நின்றது. அங்கே என்ன இருக்கிறது என்று அந்த வராந்தாவில் தெரியாதவர்கள் இல்லை. பிள்ளைகள் எல்லாம் டீச்சரைப் பார்த்தன.

எழிலரசி சொன்னாள்: "தமிழ்ச்செல்வி, உன் பாட்டில எடுத்துட்டு வா."

கண்ணாடிப் பாட்டில். பாதி கிழிந்த லேபிளில் மாங்காய்ப் படம் இருந்தது.

"இது என்னா பாட்டில்?"

"ஊறுகா பாட்டில் டீச்சர்."

எழிலரசி வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். "ஊறுகாயில என்னா இருக்கும்?"

"உப்பு டீச்சர்" என்றன இருபத்தேழு குரல்கள்.

"அதான். பாட்டில சரியா கழுவல."

தமிழ்ச்செல்வி நின்றபடியே இருந்தாள். "எங்கம்மா சாம்பல் போட்டு மூணு தடவ கழுவுனாங்க டீச்சர். நான் பக்கத்துலயே இருந்தேன்."

"கழுவுனா வாசனதான் போவும், உப்பு போவாது. உக்காரு."

உப்பு தண்ணீரில் கரையும் என்று போன வருஷம் இதே பிள்ளைகளுக்குக் கண்ணாடி டம்ளரில் கலக்கிக் காட்டியவள் அவள். அது தமிழ்ச்செல்விக்கும் ஞாபகம் இருந்திருக்கும். அந்தப் பெண் டீச்சரின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு குனிந்து, தன் வீட்டின் மேல் ஒட்டிய பொட்டை நகத்தால் கிள்ளித் தானே எடுத்துவிட்டு இடத்தில் போய் உட்கார்ந்தாள். மணி அடித்ததும் பின்வரிசையிலிருந்து யாரோ "ஊறுகா" என்று கூப்பிட்டார்கள். வகுப்பு சிரித்தது. எட்டாவது முடிக்கும் வரை அந்தப் பெயர் அவளை விடவில்லை.

மற்ற மூன்று சிவப்பும் சனிக்கிழமை எழிலரசியின் வீட்டில் மஞ்சளாக மாறின. கண்காட்சிக்கு நல்ல சார்ட்டில் பிரதி எடுக்கிறேன் என்று வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். மஞ்சளும் பொய் இல்லை, பார்க்கிற கண்ணைப் பொறுத்தது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பாலகுமார் வந்து எட்டிப் பார்த்தான். மேப் அழகாக இருக்கிறது என்று மட்டும் சொன்னான்.

கடலூரில் மஞ்சக்குப்பத்துப் பள்ளி ஒன்றில் பெரிய பந்தல் போட்டுக் கண்காட்சி. மேப்புக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியவள் தமிழ்ச்செல்விதான். மார்கழியிலேயே முடிவு செய்தது. அவளுக்குக் காய்ச்சல் என்று அம்மாவிடமிருந்து தகவல் வந்தது. எழிலரசி வேறு இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாள். பார்வையிட வந்த அதிகாரி நல்ல மனுஷர். பொட்டு ஒவ்வொன்றையும் பக்கத்தில் எழுதிய தட்டு நம்பரோடு பொறுமையாகப் பார்த்தார். சத்துணவுத் தட்டை வைத்தே செய்தீர்களா என்று ஆச்சரியப்பட்டார். பிறகு கேட்டார்:

"பதிமூணுக்கு அப்பறம் பதினஞ்சு வருதே. பதினாலு எங்கம்மா?"

"அந்தப் புள்ள அன்னிக்கு லீவு சார்" என்றாள் எழிலரசி.

கூட வந்த பிள்ளைகள் இரண்டும் கீழே பார்த்தன. இரண்டாம் பரிசு கிடைத்தது. ஒரு ஷீல்டும் ஒரு புங்கங்கன்றும். திரும்பி வருகிற பஸ்ஸில் பொரிகடலை வாங்கிக் கொடுத்தாள். வழக்கமாக ஜன்னலுக்குச் சண்டை போடுகிற பிள்ளைகள், டீச்சருக்கு ஜன்னலை விட்டுக் கொடுத்துவிட்டுக் கொறித்துக்கொண்டு வந்தன. மடியில் வைத்திருந்த கன்றின் பையிலிருந்து மண் கசிந்து அவள் புடவையெல்லாம் ஈரமானது.

இரண்டு நாள் கழித்துத் தமிழ்ச்செல்வியின் அம்மா தைலம்மாள் வந்தாள். கூட இன்னொரு பெண்பிள்ளை, ஆளுக்கு இரண்டு குடம். வாசலிலேயே குழாயடியில் நின்றார்கள்.

அது ஞாயிற்றுக்கிழமை வருகிற மாசி மகத்துக்காக. ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு வருகிற நாள். வழியெல்லாம் ஜனம் நடந்து போகும். தமிழ்ச்செல்வியின் அப்பா உத்திராபதி வீட்டில், அவர் அப்பா காலத்திலிருந்தே, அன்றைக்குச் சாலை ஓரத்தில் கீற்றுப் பந்தல் போட்டு இரண்டு பெரிய பானையில் தண்ணீர் வைப்பார்கள். மோர் கிடையாது, பானகம் கிடையாது. ஏலக்காய்கூடத் தட்டிப் போட மாட்டார்கள். வெறும் கிணற்றுத் தண்ணீர். இந்தத் தண்ணீருக்கு எதுக்கு ஏலக்காய் என்பது அந்த வீட்டுப் பெருமை.

"நாலு கொடம் குழாத்தண்ணி புடிச்சிக்கட்டா டீச்சர்? மகத்துக்குத்தான்" என்றாள் தைலம்மாள்.

எத்தனை குடம் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னாள் எழிலரசி. உங்கள் கிணற்றுக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. தைலம்மாளும் சொல்லவில்லை. அறுவடை அன்றைக்கு ஐஸ் பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து இறால் தரம் பிரிக்கிற பெண்களில் தைலம்மாளும் ஒருத்தி. அவள் மூன்றாவது குடத்தைக் குழாய்க்கு அடியில் நகர்த்தினாள்.

"டீச்சர், அந்தப் பாட்டில் விசயம்" என்றாள் தைலம்மாள். "மொதப் பரிசு வரவேண்டியது நம்ம வூட்டுப் பாட்டிலால ரெண்டாவதா பூடுச்சின்னு புள்ள அழுதுக்கிட்டே கெடந்துச்சி. நான் நல்லாதான் கழுவுனேன் டீச்சர். எப்படியோ தப்பு நடந்துபோச்சி. மனசுல வச்சிக்காதீங்க."

தைலம்மாள் அதை உண்மையிலேயே நம்பிச் சொன்னாளா, எல்லாம் தெரிந்தே சொன்னாளா என்று எழிலரசி பிறகு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எழிலரசி அந்த நேரத்தில் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு உங்கள் மேல் இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நாலாவது குடமும் நிறைந்துவிட்டது. தைலம்மாள் குழாயை இறுக்கி மூடினாள். சொட்டுச் சொட்டாக விழுவதையும் விடாமல் திருகி மூடிவிட்டு, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

மகத்தன்று விடிந்ததிலிருந்தே சாலையில் கூட்டம். பலூன்காரன், பொரிக் கடை, குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறவர்கள், கோவிந்தா சத்தம். எழிலரசியும் தேங்காய் பழத்தோடு பெருமாள் வருகிற வழிக்குப் போனாள். கீற்றுப் பந்தலைத் தாண்டித்தான் போக வேண்டும். தமிழ்ச்செல்வி பாவாடை தாவணியில், தலை நிறையப் பூவோடு, பித்தளைச் சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். கம்மாபுரம் பக்கத்திலிருந்து வருஷா வருஷம் நடந்தே வருகிற ஒரு பெரியவர் இரண்டு கையையும் குவித்துக் குடித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அதே ருசி. முப்பது வருசமா குடிக்கிறேன், மாறவே இல்ல. இந்தக் கெணத்துத் தண்ணிய நெனச்சிக்கிட்டேதான் நான் காலத் தூக்கி வைக்கிறது. ஒங்க கெணத்துத் தண்ணிதான பாப்பா?"

தமிழ்ச்செல்வி நிமிர்ந்தவள், பெரியவருக்குப் பின்னால் நிற்கிற டீச்சரைப் பார்த்தாள்.

"ஆமாம் தாத்தா. எங்க கெணத்துத் தண்ணிதான்" என்றாள்.

குரல் கொஞ்சமும் ஆடவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பந்தலுக்குள் நின்றிருந்த தைலம்மாள் பானை மூடியைச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொண்டாள். வீட்டு மானத்துக்காக எப்படிப் பொய் சொல்ல வேண்டும், சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்பது எழிலரசிக்குத் தெரியும். போன வாரம் வராந்தாவில் இருபத்தெட்டுப் பேருக்கும் சேர்த்து நடத்திய பாடம். தேங்காய்த் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெருமாள் வரும் வரை நின்றாள். கும்பிட்டாளா என்று ஞாபகம் இல்லை.

அந்த அறுவடை நன்றாக வந்தது. பாலகுமார் முதல் கூடை இறாலைக் கீழத்தெருவுக்கு வீட்டுக்கொரு கை கொடுத்தனுப்பினான். கெட்ட மனுஷன் இல்லை அவன். தைலம்மாள் வீட்டிலும் வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் மதகு திறந்தது.

அடுத்த வருஷக் கடைசியில் தானே புயல் வந்தது. டிசம்பர் முப்பதாம் தேதி, விடியும்போது. ஏரேட்டரைக் கரையேற்றிக் கட்டிவிட்டு வருகிறேன் என்று போன பாலகுமாரின் மேல் கொட்டகையோடு தென்னை சாய்ந்தது. காற்று அடங்கி முதலில் பார்த்தது உத்திராபதிதான். முறிந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி, கீழத்தெரு ஆட்கள் கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள்.

ஊரில் கரண்ட் இல்லை. தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பாலகுமாரைக் குளிப்பாட்டத் தைலம்மாள் தன் கிணற்றிலிருந்து சேந்திக் கொண்டுவந்தாள், அதே குடங்களில். குளிப்பாட்டிக் கிடத்திய பிறகு, துடைக்காமல் விட்ட ஈரம் அவன் நெற்றி ஓரத்திலும் காதோரத்திலும் காய்ந்தது. காய்ந்த இடத்தில் வெள்ளையாக மெல்லிய கோடு நின்றது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். எழிலரசி கவனித்தாள். புடவைத் தலைப்பை எச்சிலால் நனைத்து அதைத் துடைத்துவிட்டாள்.

பண்ணை அதோடு போயிற்று. கோவிந்தசாமி திருப்பூர்ப் பக்கம் போய்விட்டான். உடைந்த கரையில் சீமைக்கருவேல் முளைத்தது. கீழத்தெருக் கிணறுகள் மட்டும் அப்படியேதான் இருந்தன. மண்ணில் இறங்கிய உப்பு, பண்ணை போய்விட்டது என்றதும் போய்விடுமா.

எழிலரசி தை பிறந்து பள்ளிக்குத் திரும்பினாள். மாசி வந்தது, ஏழாம் வகுப்பில் இப்போது வேறு பிள்ளைகள். இந்தப் பிள்ளைகளுக்கும் தட்டு, வெயில், பொட்டு எல்லாம் உண்டு என்று சொன்னாள். பழைய மேப்பைப் பீரோவிலிருந்து எடுத்து விரித்துப் பார்த்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் கீழத்தெருவுக்கு நடந்தாள்.

தமிழ்ச்செல்வி இப்போது ஒன்பதாவது. பஸ்ஸில் போய் வருகிறாள். கிணற்றடியில் பள்ளிக்கூடத்துச் சீருடையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். நல்ல தண்ணீரில் அலசாத வெள்ளைச் சட்டை பழுப்பாக இருந்தது. டீச்சரைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே வந்து உட்காரச் சொல்லித் தைலம்மாள் குரல் கொடுத்தாள். எழிலரசி நின்றபடியே பேசினாள்.

"தமிழு, நம்ம மேப்புல பதினாலாம் நம்பர் விட்டுப்போச்சி. இந்த வருசமாவது வைக்கலாம்னு வந்தேன். ஒரு பாட்டில் தண்ணி வேணும்."

"விட்டுப்போவல டீச்சர்."

எழிலரசி தலையசைத்தாள். "இல்ல. நான்தான் எடுத்துட்டேன். உங்கம்மா நல்லாதான் கழுவியிருந்தாங்க. அது அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும் டீச்சர்."

அதில் கோபம் எதுவும் இல்லை. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்வது போலவே சொன்னாள். "சார் உயிரோட இருந்தப்ப வச்சிருக்கணும் டீச்சர். இப்ப வச்சா யாரு என்னா சொல்லப் போறாங்க?"

"ஏய், டீச்சர்கிட்ட என்னாடி பேச்சு?" என்று தைலம்மாள் உள்ளிருந்து அதட்டினாள். அதட்டிவிட்டு வெளியே வரவில்லை.

தமிழ்ச்செல்வி உள்ளே போய் ஒரு பாட்டிலோடு வந்தாள். மாங்காய் லேபிள் எப்போதோ கரைந்துபோயிருந்தது. கழுத்தில் சிவப்பு நெயில் பாலிஷில் 14 மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு வருஷமாக அதில் கிரசின் வைத்திருந்தார்கள் போல, வாசனை வந்தது. அவள் அதை டீச்சர் கையில் கொடுத்தாள். அடுப்புச் சாம்பல் இருந்த கொட்டாங்குச்சியைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தாள்.

"நீங்களே கழுவிக்குங்க டீச்சர். அப்பறம் நாங்க சரியா கழுவலன்னு வந்துடக் கூடாது."

எழிலரசி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லடியில் குந்தினாள். தமிழ்ச்செல்வி கிணற்றில் சேந்தி ஊற்றினாள். எழிலரசி சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு உள்ளேயும் வெளியேயும் தேய்த்தாள். ஊற்றிக் குலுக்கிக் கொட்டினாள். மறுபடியும் சாம்பல், மறுபடியும் தண்ணீர். விரலில் எங்கோ கீறல் இருந்தது, தண்ணீர் பட்டு எரிந்தது. மூன்றாவது தடவையும் கழுவிக் கவிழ்த்துப் பிடித்தபோது தமிழ்ச்செல்வி பாட்டிலை வாங்கி மூக்கில் வைத்து மோந்தாள். வெயிலுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு தடவ கழுவுங்க டீச்சர்" என்றாள்.

எழிலரசி கையை நீட்டிப் பாட்டிலை வாங்கிக்கொண்டு சாம்பலை அள்ளினாள்.